‘லோக்கல் ஐடி’யா? ரூம் இல்லை! – சொந்த மாவட்டத்தில் ஓர் இரவு தங்க ஏன் இவ்வளவு தடை?

மதுராந்தகத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிடலாம். சனிக்கிழமைக்கு ஆப்பில் ஒரு ரூம் புக் பண்ணியாச்சு. பணம் கட்டியாச்சு. ‘கன்ஃபர்ம்டு’ என்று மெசேஜும் வந்தாச்சு. ரிசப்ஷனில் ஆதார் கார்டை நீட்டினால், அங்கே இருப்பவர் போட்டோவைப் பார்ப்பதில்லை. கார்டைத் திருப்பி முகவரியைப் பார்க்கிறார்.

“சாரி சார், லோக்கல் ஐடி அலவ்டு இல்லை.”

பட்ஜெட் ஹோட்டல்களில் ரூம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊராக இருந்தாலும் அந்த ஊர் முகவரி வைத்திருப்பவருக்கு அந்த ஊரில் ரூம் கிடைப்பது கஷ்டம். ‘ஏதோ கவர்மென்ட் ரூல் போல’ என்று நினைத்துப் பெரும்பாலானோர் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் அப்படி ஒரு ரூல் இருக்கிறதா? இல்லை என்றால் ஏன் இத்தனை ஹோட்டல்கள் இதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன?

‘லோக்கல் ஐடி’ என்றால் என்ன?

அடையாள அட்டையில் உள்ள முகவரியும் ஹோட்டல் இருக்கும் ஊரும் ஒன்றாக இருந்தால் அது ‘லோக்கல் ஐடி’. இவ்வளவுதான் அர்த்தம். பான் கார்டை ரிசப்ஷனில் ஏன் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அதில் முகவரி கிடையாது. நீங்கள் யார் என்று தெரிந்துகொள்ள பான் கார்டு போதும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் போதாது.

மேக்மைட்ரிப் போன்ற புக்கிங் ஆப்களில் ஹோட்டலின் பக்கத்தை முழுக்க ஸ்க்ரோல் செய்து பாருங்கள். போட்டோ, நீச்சல் குளம், வைஃபை, காலை உணவு எல்லாம் தாண்டி அடியில் ‘விதிமுறைகள்’ என்று ஒரு பகுதி வரும். அங்கே ‘உள்ளூர் ஐடி ஏற்கப்படும்’ அல்லது ‘ஏற்கப்படாது’ என்று ஒரு வரி இருக்கும். பக்கத்திலேயே ‘திருமணமாகாத ஜோடிகளுக்கு அனுமதி உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரிகளும் அருகருகே இருப்பது தற்செயல் இல்லை. லோக்கல் ஐடி வேண்டாம் என்பதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: ‘இந்த ஊரிலேயே வீடு இருக்கும்போது உனக்கு எதற்கு ரூம்?’

கேள்வியாகக்கூட அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. பதிலை அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.

சரி, யார் ‘லோக்கல்’?

இந்த விதியின் அபத்தம் புரிய செங்கல்பட்டு மாவட்ட வரைபடம் ஒன்றே போதும். 2019 நவம்பர் 29-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் தாலுகாக்கள் இதில் இருக்கின்றன. தாம்பரமும் பல்லாவரமும் இதே மாவட்டம்தான். வேடந்தாங்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருப்பவரும், பல்லாவரத்தில் விமானச் சத்தம் கேட்டுத் தூங்குபவரும் ஆதார் கார்டில் ஒரே மாவட்டத்துக்காரர்கள்.

அப்படியானால் மாமல்லபுரத்தில் யார் லோக்கல்? மாமல்லபுரம் ஊர்க்காரர்களா, திருக்கழுக்குன்றம் தாலுகாவா, மொத்த மாவட்டமா? சோழிங்கநல்லூர் இன்று சென்னை மாவட்டம். அதே ஓஎம்ஆரில் கொஞ்சம் தள்ளியிருக்கும் நாவலூர் செங்கல்பட்டு மாவட்டம். நடுவில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஒருவர் வெளியூர், இன்னொருவர் உள்ளூரா? எங்கே கோடு போடுவது என்று எந்த விதியும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர் போடுவதுதான் கோடு.

இன்னொன்றும் யோசியுங்கள். சிறுசேரி ஐடி பார்க்கில் வேலை பார்க்கும் இரண்டு பேர், நாவலூரில் ஒரே பிஜியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறார்கள். ஒருவர் ஆதாரில் திருநெல்வேலி முகவரி, இன்னொருவர் ஆதாரில் மதுராந்தகம் முகவரி. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனால் திருநெல்வேலிக்காரருக்கு ரூம் உண்டு, மதுராந்தகத்துக்காரருக்கு இல்லை. இருவரும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பி வந்தார்கள். கார்டில் இருக்கும் முகவரி ஒருவரின் நடத்தை பற்றியோ நோக்கம் பற்றியோ எதையும் சொல்வதில்லை. பல நேரம் அவர் எங்கே வசிக்கிறார் என்பதைக்கூடச் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

உள்ளூர் முகவரி உள்ளவருக்கு ரூம் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தங்குபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், பதிவேடு பராமரிக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்பதுதான் ஹோட்டலின் பொறுப்பு. ‘யார் தங்கினார் என்று எழுதி வை’ என்பதற்கும் ‘இந்த ஊர்க்காரரைத் தங்கவிடாதே’ என்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

திருமணமாகாத ஜோடி விஷயத்தில் தமிழ்நாட்டிலேயே தெளிவான தீர்ப்பு இருக்கிறது. 2019-ல் கோவையில் ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்ட்டில் திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்தார்கள், வேறொரு அறையில் மதுபாட்டில்கள் இருந்தன என்று காரணம் காட்டி அதிகாரிகள் கட்டடத்துக்கு சீல் வைத்தார்கள். நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. வயது வந்த இருவர் திருமணம் ஆகாமல் ஒரு ஹோட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை, அது குற்றமும் ஆகாது என்று நீதிபதி எம்.எஸ்.ரமேஷ் தெளிவாகச் சொல்லி, சீலை அகற்ற உத்தரவிட்டார்.

அரசமைப்புச் சட்டமும் ஹோட்டலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காக மட்டும் ஒருவரை ஹோட்டலுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது பிரிவு 15(2). சாதியைக் காட்டித் தீண்டாமை பாராட்டி அறை மறுத்தால் 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். திருநர்களுக்குத் தங்குமிடத்தில் பாகுபாடு காட்டுவதை 2019-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

இந்தப் பட்டியலில் ‘வசிக்கும் முகவரி’ இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு, ‘எங்கள் ஹோட்டல், எங்கள் விருப்பம்’ என்று நிர்வாகங்கள் வாதாடலாம். ஹோட்டல் தனியார் சொத்து என்பதும் உண்மைதான். ஐடி காட்டாதவர், குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவர், பெரியவர்கள் துணை இல்லாமல் வரும் சிறுவர்கள் போன்றோருக்கு ரூம் மறுக்க நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஆனால், பணம் கட்டி, ஐடி காட்டி, ஒழுங்காக நிற்கும் ஒருவரை முகவரியை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்புவதற்கு என்ன நியாயமான காரணம் இருக்க முடியும்?

ஹோட்டல்கள் சொல்லும் காரணங்கள்

முதல் காரணம், போலீஸ். ‘ரெய்டு வந்தால் எங்கள் பெயர்தான் கெடும்’ என்பார்கள். இதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. கோவையில் சீல் விழுந்தது ஹோட்டல் தரப்பின் மீதுதான். நீதிமன்றம் போய் மீட்டெடுக்கப் பெரிய நிறுவனத்தால் முடியும். பத்து ரூம் வைத்திருக்கும் லாட்ஜ் உரிமையாளரால் முடியுமா? அவர் பார்வையில் லோக்கல் ஐடியை மறுப்பது ஒரு மலிவான இன்ஷூரன்ஸ். அந்த இன்ஷூரன்ஸுக்குப் பிரீமியம் கட்டுவது வாடிக்கையாளர் என்பதுதான் பிரச்னை.

இரண்டாவது, ‘உள்ளூர் பசங்க குடிக்க, சீட்டாட, பார்ட்டி பண்ண ரூம் போடுவாங்க.’ வெளியூர் பசங்களும் அதைத்தான் செய்கிறார்கள் என்பது ஈசிஆரில் வார இறுதியில் வேலை பார்க்கும் எந்த ரூம் பாயைக் கேட்டாலும் தெரியும். சத்தம் போட்டால் வெளியேற்றலாம், சேதத்துக்கு டெபாசிட் வாங்கலாம். நடத்தைக்கு விதி போடுங்கள், நியாயம்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் கனமானது. சொந்த ஊரில் தனியாக ரூம் கேட்டு வருபவர் தவறான முடிவு எடுத்துவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயம் உண்மையானது. ஆனால், மன உளைச்சலோடு வரும் ஒருவரை ராத்திரி பத்து மணிக்கு ரோட்டுக்குத் திருப்பி அனுப்புவது அவரைக் காப்பாற்றாது. ஹோட்டலின் தலைவலியை மட்டும்தான் காப்பாற்றும். இரண்டு வார்த்தை பேச ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், 104, 14416 ஆகிய உதவி எண்களை ஒவ்வொரு அறையிலும் ஒட்டிவைப்பதும் அதைவிடப் பயன் தரும்.

வாடகை ஏறினால் பெயர் மாறும்

இதே காரணங்கள் ஸ்டார் ஹோட்டலுக்கும் பொருந்த வேண்டும் இல்லையா? அங்கே கதையே வேறு. கொரோனா காலத்தில் வெளியூர், வெளிநாட்டுப் பயணிகள் நின்றுபோனபோது பெரிய ரிசார்ட்கள் உள்ளூர்க்காரர்களைத்தான் கூப்பிட்டன. ‘ஊரை விட்டுப் போகாமலே விடுமுறை’ என்று விளம்பரம் செய்தார்கள். அதற்கு ‘ஸ்டேகேஷன்’ என்று ஸ்டைலாக ஒரு பெயர். அந்தப் பேக்கேஜ்கள் இன்றும் விற்கின்றன.

ஆக, பதினைந்தாயிரம் ரூபாய் ரூமில் தங்கும் உள்ளூர்க்காரர் ‘ஸ்டேகேஷன் கெஸ்ட்’. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ரூமில் தங்க நினைக்கும் உள்ளூர்க்காரர் ‘லோக்கல் ஐடி’. இரண்டு பேரும் செய்ய நினைப்பது ஒரே காரியம். மாறுவது பர்ஸ் மட்டும்தான்.

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான ஹோட்டல் அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சாதாரண வருமானக்காரர்கள் தங்கும் அறைகள் இவைதான். வரி குறைந்து என்ன, ரிசப்ஷனைத் தாண்ட முடிந்தால்தானே பலன்?

மாமல்லபுரம் கடற்கரை உலகத்துக்கே கதவைத் திறந்து வைத்திருக்கும் இடம். 2021-22-ல் நுழைவுச் சீட்டு உள்ள மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களில் வெளிநாட்டினர் அதிகம் வந்தது இங்கேதான். சுமார் 1.45 லட்சம் பேர். தாஜ்மகாலுக்கு வந்ததோ சுமார் 39 ஆயிரம். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் இங்கே நடந்தபோது 180-க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள் இந்த வட்டாரத்து ஹோட்டல்களில் தங்கினார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தெளிவான நடைமுறை இருக்கிறது. ஹோட்டல்கள் அதைச் சரியாகச் செய்கின்றன. பிரான்ஸிலிருந்து வருபவரைப் பதிவு செய்யத் தெரிந்தவர்களுக்கு, மதுராந்தகத்திலிருந்து வருபவரைப் பதிவு செய்வதில் மட்டும் என்ன சிரமம்?

‘வீட்டுக்கே போயிடலாமே?’

இந்த விஷயத்தைப் பேசினால் வரும் முதல் பதில் இதுதான். நமக்குத் தங்குமிடம் என்றாலே சத்திரம், சாவடி ஞாபகம். அது வழிப்போக்கருக்கானது, ஊர்க்காரருக்கு எதற்கு என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால், வாழ்க்கை மாறிவிட்டது.

சென்னையிலிருந்து வரும் புறநகர் மின்ரயில்களில் பெரும்பாலானவை செங்கல்பட்டோடு நின்றுவிடும். மறைமலை நகரிலோ மகேந்திரா சிட்டியிலோ ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் பெண், அதற்கு மேல் மதுராந்தகம் போகும் கடைசி ரயிலையும் பஸ்ஸையும் விட்டுவிட்டால் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது பூட்டு உள்ள ஓர் அறை. அவர் கையில் பணமும் இருக்கிறது, ஐடியும் இருக்கிறது. ஆனால், ஐடியில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கிறது.

வீட்டில் பெயின்ட் வேலை நடக்கும் குடும்பம், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டுக் குளிக்க, கொஞ்சம் படுக்க இடம் தேடுபவர், நான்கு பேர் இருக்கும் வீட்டில் போட்டித் தேர்வுக்கு முந்தைய நாள் படிக்க முடியாதவர், தங்களுக்கென்று தனி அறையே இல்லாத கூட்டுக் குடும்பத்துத் தம்பதி என்று பட்டியல் நீளும். இவர்கள் எல்லோருக்கும் ‘வீடு’ இருக்கிறது. அன்றைக்கு ஒரு ராத்திரிக்குத்தான் இல்லை.

இதைவிடத் தீவிரமான நிலைமையும் உண்டு. கணவன் அடித்து வெளியே வந்த பெண்ணுக்கு வீடுதான் ஆபத்து. சாதி மாறித் திருமணம் செய்துகொள்ளப் போகும் இருவருக்கும் வீடுதான் ஆபத்து. இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டத் தலைநகரங்களில் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது பற்றி அரசுகள் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சக்தி வாகினி வழக்கில் சொன்னது. ஒரு ராத்திரி பாதுகாப்பாக இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை நீதிமன்றமே உணர்ந்திருக்கிறது. ரிசப்ஷனில் அதே ஜோடியிடம் ‘லோக்கலா, மேரேஜ் சர்டிபிகேட் இருக்கா?’ என்று கேட்கிறோம்.

காற்று எதிர்த்திசையிலும் அடிக்கிறது. 2025 ஜனவரியில் ஓயோ நிறுவனம் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் தன் விதியை மாற்றியது. ஜோடியாக வருபவர்கள் உறவுக்கான ஆதாரம் காட்ட வேண்டும், திருமணமாகாதவர்களைப் பங்குதாரர் ஹோட்டல்கள் மறுக்கலாம் என்றது. திருமணமாகாத ஜோடிகளும் தயக்கமில்லாமல் தங்கலாம் என்ற பெயரில் வளர்ந்த நிறுவனமே பின்வாங்கும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தே ஆகணுமா?

அடையாளம் காட்ட வேண்டும். அது ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை எதுவும் போதும். ஆதார் எண்ணைத் தனியார் நிறுவனங்கள் கேட்க வழிவிட்ட பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்தது.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், உரிமம் இல்லாத ஹோட்டல்கள், தியேட்டர்கள் ஆதார் நகலை வாங்கி வைக்கக் கூடாது என்று அறிவித்தது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஜெராக்ஸ் மட்டும் ரிசப்ஷன் டிராயரிலேயே தங்கிவிட்டது.

கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுப்பது நல்லது. ஆனால், அதில் மறைவது எண்தான், முகவரி அப்படியே தெரியும். லோக்கல் பிரச்னை அதனால் தீராது. 2025 ஏப்ரலில் புதிய ஆதார் ஆப்பை மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிமுகப்படுத்தியபோது, இனி ஹோட்டலில் நகல் கொடுக்கத் தேவையிருக்காது, வேண்டிய தகவலை மட்டும் பகிரலாம் என்றார். பெயர், போட்டோ, வயது மட்டும் போதும் என்ற பழக்கம் வந்துவிட்டால், கார்டைத் திருப்பிப் பார்க்கும் வேலையே இருக்காது. எதைப் பகிர வேண்டும் என்பதை முடிவு செய்யப் போவது ஹோட்டலா, நாமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரூம் மறுத்தால் என்ன செய்யலாம்?

• பணம் கட்டும் முன் ஆப்பில் விதிமுறைப் பகுதியைப் படித்து, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எதுவும் இல்லை என்றால் ஹோட்டலுக்கு வாட்ஸ்அப்பில் ‘எங்கள் ஐடி செங்கல்பட்டு மாவட்டம், ஓகேவா?’ என்று கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

• ரிசப்ஷனில் மறுத்தால் காரணத்தை மெசேஜாகவோ மெயிலாகவோ கேளுங்கள். ‘நீங்களே கேன்சல் பண்ணிடுங்க’ என்பார்கள். பண்ணாதீர்கள். நீங்கள் கேன்சல் செய்தால் பணம் பிடிக்கப்படலாம். மறுத்தது ஹோட்டல் என்று பதிவாக வேண்டும்.

• ஆப்பின் வாடிக்கையாளர் சேவையை அங்கிருந்தே கூப்பிட்டு, முழுப் பணம் அல்லது அதே விலையில் வேறு ஹோட்டல் கேளுங்கள்.

• தீர்வு கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. விதியை முன்கூட்டியே சொல்லாமல் பணம் வாங்கியிருந்தால் உங்கள் தரப்பு வலுவாக இருக்கும்.

• ஆபத்தில் இருக்கும் பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.

என்ன மாற வேண்டும்?

ஹோட்டல்கள் இந்த விதியைக் கைவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பயப்படுவது போலீஸுக்கு என்றால், பதில் சொல்ல வேண்டியதும் போலீஸ்தான். ‘அடையாள அட்டையும் பதிவேடும் சரியாக இருந்தால், தங்கியிருப்பவர் உள்ளூர்க்காரர் என்பதற்காகவோ திருமணமாகாதவர் என்பதற்காகவோ நடவடிக்கை இருக்காது’ என்று தமிழ்நாடு காவல்துறை ஒரு பக்கத்தில் சுற்றறிக்கை வெளியிட்டால் போதும். சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே சொன்னதைத்தான் அது திரும்பச் சொல்லும். ஆனால், லாட்ஜ் ரிசப்ஷனில் ஒட்டிவைக்க முடிகிற காகிதமாக இருக்கும்.

புக்கிங் ஆப்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த விதி இருக்கும் வரைக்கும், அதை அடியில் ஒளித்து வைக்காமல் பணம் கட்டும் பட்டனுக்கு மேலே காட்ட வேண்டும். உங்கள் முகவரி உள்ளூர் என்றால் ரூம் கிடையாது என்பதை, பணம் வாங்கிய பிறகு ராத்திரி பத்து மணிக்குச் சொல்வது சேவை ஆகாது.

இன்றைய ஹோட்டல்களில் சாவிக்குப் பதில் கார்டு வந்துவிட்டது, மெனுவுக்குப் பதில் க்யூஆர் கோடு வந்துவிட்டது. ரிசப்ஷனில் கேட்கும் கேள்வி மட்டும் பழைய கேள்வியாகவே இருக்கிறது. அடுத்த முறை ஹோட்டலுக்கு ரிவ்யூ எழுதும்போது படுக்கை, பாத்ரூம், பஃபேவோடு இதையும் ஒரு வரி எழுதுங்கள்: லோக்கல் ஐடி வாங்கினார்களா, இல்லையா? உங்களுக்குப் பின்னால் கடைசி ரயிலை விட்டுவிட்டு நிற்கும் யாரோ ஒருவர் அந்த வரியைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.